‘இங்கே’ என்றால் எங்கே

தனிவாழ்வோர் நலத் துறையின் இணையப் பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் ‘இங்கே அழுத்தவும்’ என்று எழுதியிருந்தது. எங்கே அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய பக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு புதிய பக்கத்துக்குக் குடிபோனபோது எழுத்துகள் வந்தன, படங்கள் வந்தன, துணை இயக்குநரின் புகைப்படம் இரண்டு முறை வந்தது. இணைப்புகள் மட்டும் வரவில்லை. அவற்றின் நீல நிறமும் அடிக்கோடும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்ததால் ஐந்து மாதம் வரை துறையில் யாருக்கும் விஷயம் தெரியவில்லை. துறையின் பக்கத்தைத் துறையில் யாரும் பார்ப்பதில்லை.

கண்டுபிடித்தவள் வெளியீட்டுப் பிரிவில் மெய்ப்புப் பார்க்கும் ஒற்றக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, அலுவலகம் வைத்தது. துறை அச்சிடும் ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் செருகுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் அவளை மேலிடத்து ஒற்றர் என்று நினைத்து அவள் எதிரில் வாயே திறக்காமல் இருந்ததுண்டு. வேறு சிலர் அவள் ஒற்றையாள் என்பதால் வந்த பெயர் என்று எண்ணிக்கொண்டார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை. எழுத்தைத்தான் திருத்துவாள்.

அவளும் தங்கையும் பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், நாற்பத்தேழாவது வயதில், தங்கைக்குத் திடீரென்று கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் பழக்கம். தங்கை முதலில் பல்லை அங்கே விட்டுவிட்டு வந்தாள், பிறகு அக்காவை இங்கே விட்டுவிட்டுப் போனாள். மாதம் ஒருமுறை போன் செய்வாள். “நல்லா இருக்கியாக்கா?” “நல்லா இருக்கேன். நீ?” “நானும்தான்.” இருவரும் பொய் சொல்லவில்லை. பேச்சுதான் அதற்கு மேல் நகர மறுத்தது.

துறையின் பயனாளர் படிவத்தில் தனிமை பதினோரு வகைப்படும். துணையை இழந்தோர், பிள்ளைகள் பிரிந்தோர், கைவிடப்பட்டோர் என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. தங்கைக்குக் கல்யாணம் ஆகிப்போன அக்காவுக்குக் கட்டம் இல்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் ஒற்றக்கா விளையாட்டாக அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தாள். பன்னிரண்டாவதாக ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டாள். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘மற்றவை ஏற்கப்படா’ என்றிருந்தது. அதில் பிழை ஏதும் இல்லாததால் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள்.

புதிய பக்கத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். கூடவே பக்கத்தைத் திருத்த ஒரு கருவியும் வந்தது, காட்சித் தொகுப்பி என்று அதற்குப் பெயர். பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாமாம். பயிற்சிக்கு இருபது பேர் பெயர் கொடுத்து, தேநீருக்குப் பிறகு மிஞ்சியவள் ஒற்றக்கா ஒருத்திதான்.

“கம்ப்யூட்டர் பாஷை எதுவும் தெரிய வேணாம் மேடம்” என்றார் பயிற்சியாளர். “திரையில நீங்க என்ன பாக்குறீங்களோ, அதுதான் பக்கத்துல வரும். வேணுங்கிற வார்த்தையை மவுஸால இழுத்துத் தேர்ந்தெடுங்க. மேல சங்கிலி மாதிரி ஒரு படம் இருக்கு பாருங்க, அதை அழுத்துங்க. ஒரு கட்டம் திறக்குதா? போக வேண்டிய இடத்தோட முகவரியை அதுல ஒட்டுங்க. ‘சரி’ கொடுங்க. முடிஞ்சுது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வேற என்ன எதிர்பார்த்தீங்க?”

இருபத்தாறு வருடம் அந்தக் கட்டடத்தில் இருந்தவள் எதையாவது எதிர்பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? நாலு பிரதியாவது எடுக்கவேண்டாமா?

பயிற்சியாளர் போன பிறகு அவளே ஒன்றைச் செய்து பார்த்தாள். ‘பேசுவதற்கு ஆள் தேவைப்படுவோர் இங்கே அழுத்தவும்’ என்ற வரியை எடுத்துக்கொண்டாள். பழைய பக்கத்தில் அது சுகாதாரத் துறையின் தோழமைப் பக்கத்துக்குப் போகும். அங்கே தன்னார்வலர்கள் மணிக்கு ஒருவராக முறைவைத்துப் பேசுவார்கள். அந்தந்த மணிக்கு உரியவரின் படமும் எண்ணும் தெரியும். ஒற்றக்கா ‘இங்கே’யை இழுத்துத் தேர்ந்தெடுத்தாள். சங்கிலியை அழுத்தினாள். முகவரியை ஒட்டினாள். ‘சரி’ கொடுத்தாள். பதினோரு விநாடி. பிறகு ஒரு சந்தேகத்தோடு ‘இங்கே’யை அழுத்தினாள். சுருட்டை முடியோடு ஒரு பெண் சிரித்தபடி திரையில் வந்து நின்றாள்.

ஒற்றக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை வருடத்தில் அவள் செருகிய ஒற்றெழுத்துகள் எதுவும் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

மறுநாள் காலை துணை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். கடமை உணர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார். பயிற்சியின் பலனை அழுத்திப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். ‘இங்கே’யைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம்.

“யாரைக் கேட்டு இணைச்சீங்க?”

“அழுத்தவும்னு போட்டிருந்தது சார். அழுத்தினா ஒண்ணும் வரலை. அதான்…”

“வரலைன்னு யாராவது எழுத்து மூலமா புகார் கொடுத்தாங்களா?”

“புகார் கொடுக்கவும் ‘இங்கே அழுத்தவும்’னுதான் சார் போட்டிருக்கு.”

துணை இயக்குநர் அச்செடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தார். புகார்கள் ஏன் ஐந்து மாதமாகப் பூஜ்யம் என்பதும், அதற்காகத் துறைக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரமும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றினார்.

“இணைப்புன்னா என்னன்னு நெனச்சீங்க? அது உறவும்மா. ஒரு துறை இன்னொரு துறையோட உறவு வெச்சுக்கிறது சாதாரண விஷயமா? அவங்க நம்மைவிடப் பெரிய துறையா, சின்ன துறையா? நாம போய் அவங்க கதவைத் தட்டலாமா? இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்மளைத் தேடி வந்தவங்களை நாமே வெளிய அனுப்பி வைக்கிறோம். வந்தவங்க எல்லாம் போயிட்டா அப்புறம் இங்க யாரு இருப்பா? வந்தவங்களை உக்கார வைக்கணும். வாசலைக் காட்டக் கூடாது.”

சங்கிலிப் படத்துக்குப் பக்கத்திலேயே அறுந்த சங்கிலி ஒன்றின் படமும் உண்டு. ஒற்றக்கா அதை அழுத்தினாள். அதற்குப் பதினோரு விநாடிகூட ஆகவில்லை. நீலமும் அடிக்கோடும் அப்படியே இருக்க வேண்டும் என்று துணை இயக்குநர் சொன்னதால் அவற்றை மட்டும் கையால் போட்டுவைத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. அது அடித்து ஒரு வருடம் இருக்கும்.

“ஏம்மா, இது தனியா இருக்கிறவங்க ஆபீஸ்தானே?” வயதான ஆண் குரல். “நான் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஆபரேட்டரா இருந்தவன். பதினாலு மாடி. பட்டன் அழுத்துறதுதான் என் பொழப்பு. அழுத்தினா எங்கயாவது போகணும். போகலைன்னா ‘பழுது’ன்னு ஒரு அட்டையாவது தொங்கவிடணும். நீங்க ரெண்டும் செய்யலையேம்மா.”

“மன்னிச்சுக்கங்கய்யா…”

“நேத்து சாயங்காலம் ஒரு தடவை போச்சு. சுருட்டை முடியோட ஒரு பொண்ணு வந்துச்சு. நம்பரை எழுதிக்கலாம்னு பேனா தேடினேன். அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. இன்னிக்குப் பாத்தா மறுபடியும் கதவு சாத்தியிருக்கு.”

ஒற்றக்கா தோழமைப் பக்கத்தின் முகவரியை அவருக்கு வாசித்துக் காட்டினாள். தொண்ணூற்று நாலு எழுத்து. “சாய்கோடு… மறுபடியும் சாய்கோடு… இப்போ ஒரு சதவீதக் குறி.”

“எத்தனை சதவீதம்மா?”

“வெறும் குறிதான்யா.”

இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மறுநாள் பதினோரு மணிக்கு அவர் மீண்டும் அழைத்து, எங்கோ ஓர் எழுத்து பிசகிவிட்டது என்றார். இந்த முறை அவள் அந்த மணிக்கான எண்ணையே சொன்னாள். அதற்கடுத்த நாள், “மூணு மணிக்குக் கூப்பிட்டேன்மா. அந்தப் பொண்ணோட முறை முடிஞ்சுபோச்சாம். அவங்க வீட்டுக்காரர் எடுத்து, யாருய்யா நீன்னு கேட்டாரு” என்றார். நாலாம் நாள் அவர் முகவரியும் கேட்கவில்லை, எண்ணும் கேட்கவில்லை. ஒன்பதாம் மாடிக்குப் போகும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னார். மேலே போகும்போது தினமும் அழுதுகொண்டே போவாளாம், இறங்கும்போது ஒருநாளும் அழுததில்லையாம். “அந்த ஒன்பதாவது மாடியில என்ன ஆபீஸ்னு கேக்கவே இல்லம்மா. கேட்டிருக்கணும்.” ஒற்றக்கா தங்கையைப் பற்றிச் சொன்னாள். பல் சமாச்சாரத்தைக் கேட்டு அவர் இருமல் வருமளவு சிரித்தார். அந்தக் கதைக்கு யாராவது சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் சும்மா இருக்கவில்லை. முறைப்படி இணைப்பு முன்மொழிவுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். ஒன்பது பக்கம். ‘இணைப்பு எங்கிருந்து புறப்படுகிறது’, ‘எங்கே சேர்கிறது’, ‘எப்போது திரும்பும்’, ‘உடன் செல்பவர் யார்’ என்று கேட்டிருந்தது. வாகனப் பிரிவின் பயணப் படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். ‘எரிபொருள்’ என்ற இடத்தில் ஒற்றக்கா ‘இல்லை’ என்று எழுதினாள். ஏன் இல்லை என்று விளக்கம் கேட்டுப் படிவம் திரும்பி வந்தது.

மூன்றாவது மாதம் இணைப்புக் குழு கூடியது. ஒன்பது உறுப்பினர்கள். ஒற்றக்கா குறிப்பெடுக்க மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

சட்ட ஆலோசகர் முதலில் கை தூக்கினார். “‘இங்கே’ன்னு எழுதியிருக்கு. ‘இங்கே’ன்னா எங்கே? படிக்கிறவர் அவர் வீட்டுல உக்காந்திருக்கார். அவருக்கு ‘இங்கே’ன்னா அவர் வீடு. அவர் வீட்டுல எதை அழுத்தினாலும் நாம பொறுப்பு ஏத்துக்க முடியுமா?”

இதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. ‘அங்கே’ என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே என்றால் நம் பக்கத்தில் எதுவுமே இல்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும் என்றார் துணை இயக்குநர். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு ‘இங்கே’ பிழைத்தது. ‘அழுத்தவும்’ பிழைக்கவில்லை. குடிமக்களை அழுத்தச் சொல்ல நாம் யார் என்ற கேள்வி எழுந்து, ‘விரும்பினால் அழுத்தலாம்’ என்று ஆனது.

பாதுகாப்பு அதிகாரிக்கு வேறு கவலை. “ஒரு தடவை அழுத்தின இணைப்பு நீலத்திலிருந்து ஊதாவா மாறிடுது. கவனிச்சீங்களா? ஒருத்தர் பேச்சுத் துணை தேடிப் போனார்ங்கிறது அவர் வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்.”

“நம்ம துறைக்கு வர்றவங்க வீட்டுல மத்தவங்க கிடையாது சார்” என்றாள் ஒற்றக்கா.

குறிப்பெடுப்பவர் பேசக் கூடாது என்று நினைவூட்டப்பட்டது. அவள் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

இணைப்பு புதிய சாளரத்தில்தான் திறக்க வேண்டும் என்பதில் துணை இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். “போறவங்க போகட்டும். ஆனா அவங்க போன பிறகும் பின்னால நம்ம பக்கம் திறந்தே இருக்கணும். எப்போ திரும்பிப் பாத்தாலும் நாம இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணும். விளக்கை அணைச்சுட்டுப் போயிடக் கூடாது.” குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது.

அனுமதி கேட்டுச் சுகாதாரத் துறைக்கு எழுதிய கடிதத்துக்கு ஏழாவது மாதம் பதில் வந்தது. தங்களை இணைக்க நினைத்ததற்கு நன்றி. ஆனால் தங்கள் தோழமைப் பக்கம் இணை இயக்குநர் மட்டத்தில் பராமரிக்கப்படுவதால், துணை இயக்குநர் மட்டத்திலான பக்கத்திலிருந்து வரும் இணைப்பை ஏற்பதில் சிக்கல் உள்ளது. வேண்டுமானால் முதலில் பதவியை உயர்த்திக்கொண்டு பிறகு இணைக்கலாம்.

துணை இயக்குநர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நமக்கு யாருடைய தயவும் வேண்டாம்” என்றார். எந்தத் துறையின் அனுமதியும் இல்லாமல் இணைக்கக்கூடிய பக்கம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர்களுடைய பக்கம். ‘பேசுவதற்கு ஆள் தேவைப்படுவோர் விரும்பினால் இங்கே அழுத்தலாம்’ என்ற வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அதே பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. முகவரியை ஒட்டியவள் ஒற்றக்காதான். “சார், இது…” என்று ஆரம்பித்தாள். “குறிப்பெடுங்க” என்றார் துணை இயக்குநர்.

தொடக்க விழாவுக்குத் துறைச் செயலாளரே வந்தார். மவுஸுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். பெரிய திரையில் செயலாளர் ‘இங்கே’யை அழுத்த, கண்மூடித் திறப்பதற்குள் அதே பக்கம் இன்னொரு முறை வந்து நின்றது. “என்ன வேகம்!” என்று முன்வரிசையில் யாரோ வியந்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“இந்த இணைப்பு மக்களை எங்கேயும் அலையவிடாது” என்று செயலாளர் பேசினார். “மற்ற துறைகளின் இணைப்புகள் மக்களை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்துகின்றன. நமது இணைப்பு, புறப்பட்டவரைப் புறப்பட்ட இடத்திலேயே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. தனியாக வாழ்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும்?”

ஒரு வாரம் கழித்துப் புள்ளிவிவரம் வந்தது. அறுபத்தோரு பேர் நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு முறை அழுத்தியிருந்தார்கள். “ஒரு ஆளுக்குச் சராசரியா எழுபத்தொன்பது தடவை!” என்று துணை இயக்குநர் கூட்டத்தில் அறிவித்தார். “இப்படி ஒரு ஈடுபாட்டை எந்தத் துறை பாத்திருக்கு?”

ஈடுபாட்டில் முன்னணியில் இருந்தவர் பதினோரு மணிக்கு அழைத்தார். “ஏம்மா, உங்க பக்கம் என் கம்ப்யூட்டர்ல இப்ப நாப்பத்தோரு தடவை திறந்து கிடக்கு. அழுத்துறேன், கதவு திறக்குது, பாத்தா அதே மாடி. மறுபடி அழுத்துறேன், அதே மாடி. என் சர்வீஸ்ல இப்படி ஒரு லிஃப்டைப் பாத்ததில்லம்மா.”

“தெரியும்யா.”

“பரவால்ல விடு. நீதான் இருக்கியே.”

அந்த வாரக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இணைப்பு வெற்றிகரமாக இயங்குவதால் பொதுமக்கள் தொலைபேசியில் அழைக்க வேண்டிய தேவை ஒழிந்தது. எனவே மேசைத் தொலைபேசிகள் திரும்பப் பெறப்படுகின்றன. மெய்ப்புப் பார்க்க அது ஒற்றக்காவிடமே வந்தது. மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. செருகிக் கொடுத்தாள். திங்கட்கிழமை இரண்டு பேர் வந்து கருவியைக் கழற்றி, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மேசையில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது.

லிஃப்ட்காரரின் எண் அவளிடம் இல்லை. அத்தனை மாதமும் அவரே கூப்பிட்டதால் கேட்கத் தோன்றவில்லை. பெயர்கூடத் தெரியாது. பதினோரு மணிக்கு அவள் கை தானாகப் பேனாவைக் கீழே வைத்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டது. இப்படி ஒன்பது நாள்.

பத்தாம் நாள் பதினோரு மணிக்குத் தொகுப்பியைத் திறந்தாள். ‘இங்கே’யைத் தேர்ந்தெடுத்துச் சங்கிலியை அழுத்தினாள். கட்டம் திறந்தது. அதன் ஓரத்தில் மூன்று தேர்வுகள் இருந்தன: இணைய முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண். மூன்றாவதை அவள் இதுவரை தொட்டதில்லை. தொட்டாள். தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை அடித்தாள். புதிய சாளரம் என்ற குறியை எடுத்துவிட்டாள். வரிக்குக் கீழே ‘மாலை ஆறு முதல் எட்டு வரை’ என்று சேர்த்தாள். ‘சரி’ கொடுத்தாள். இனிமேல் கைபேசியில் அழுத்துகிறவருக்கு நேராக மணி அடிக்கும். கணினியில் அழுத்துகிறவருக்கு எண் தெரியும். சேர்த்த அந்த ஒரு வரியைத் தவிர, பக்கம் பார்வைக்கு முன்போலவே இருந்தது. அதே நீலம், அதே அடிக்கோடு.

முதல் நாள் மாலை யாரும் அழைக்கவில்லை. எட்டு மணி வரை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, இணைப்பு வேலை செய்கிறதா என்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இரண்டாம் நாள் ஒருவர் அழைத்து ஏதோ படிவம் கேட்டார். இல்லை என்றதும் வருத்தப்படாமல் முக்கால் மணி நேரம் பேசினார். மூன்றாம் நாள் ஒரு பெண்மணி. அவர் எதுவுமே பேசவில்லை. வானொலியைப் போட்டுவிட்டு, “நீங்களும் கேக்குறீங்களா?” என்றார். இருவரும் செய்தி முழுவதையும் கேட்டார்கள்.

நாலாம் நாள், “ஹலோ, இது எந்த மாடி?” என்றது ஒரு குரல்.

“ரெண்டாவது மாடிங்கய்யா” என்றாள் ஒற்றக்கா. அவள் வீடு உண்மையிலேயே இரண்டாவது மாடிதான்.

“அப்பாடா. இறங்கிக்கிறேன்.”

இரண்டு மாதம் இப்படி ஓடியது. மாலையில் ஆறேழு அழைப்புகள். பிறகு காலாண்டு அறிக்கை வந்து சேர்ந்தது, துறை அதிர்ந்துபோனது. அழுத்தல்கள் நாளொன்றுக்கு ஒன்பதாகக் குறைந்திருந்தன. வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம்.

“ஒருத்தர் ஒரு தடவை அழுத்துறார், அதோட விட்டுடுறார்!” துணை இயக்குநர் காகிதத்தை ஆட்டினார். “ஈடுபாடு எங்க போச்சு? எழுபத்தொன்பது தடவை அழுத்தின அதே மக்கள் இன்னிக்கு ஒரு தடவையோட திருப்தி ஆயிடுறாங்கன்னா, எங்கயோ கோளாறு இருக்கு. நானே சொந்தமா சோதிச்சுப் பாக்கப் போறேன்.”

மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒற்றக்காவின் பேனா நின்றுவிட்டது. கூட்டம் முடிந்தபோது கணினிகளை அணைத்துப் பூட்டியிருந்தார்கள், சனிக்கிழமை முழுக்க அலுவலகம் மூடியிருந்தது. தொகுப்பியை வீட்டிலிருந்து திறக்க முடியாது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. தங்கையைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? ஒரு சொல்லில் என் நம்பரைக் கட்டிவைத்தேன் என்றா?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு பத்துக்கு மணி அடித்தது. ஐந்தாவது மணிக்கு எடுத்தாள்.

“வணக்கம். இது துறை சார்பான சோதனை அழைப்பு. நான் எந்த எண்ணுக்கு வந்திருக்கேன்?”

வைத்துவிடலாம் என்று கை சொன்னது. வைக்கவில்லை. “வணக்கம் சார். சொல்லுங்க.”

“இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன்” என்றார் துணை இயக்குநர்.

“தினமும் கேக்குற குரல்தான் சார். குறிப்பெடுக்கிறவ.”

“ஓ” என்றார். “இது சஸ்பென்ஷன் வரைக்கும் போகிற விஷயம். தெரியுமில்லையா?”

“தெரியும் சார்.”

அவர் வைப்பார் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை. அவர் வீட்டில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். தட்டு வைக்கும் ஓசை இல்லை, கதவுச் சத்தம் இல்லை, தள்ளி நின்று ‘யாரு போன்ல?’ என்று கேட்கும் குரல் இல்லை.

“எத்தனை பேர் கூப்பிடுறாங்க?”

“ஆறேழு பேர் சார்.”

“என்ன பேசுவாங்க?”

“என்ன வேணும்னாலும். நேத்து ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். நானும் லைன்லயே இருந்தேன். கடைசியில அவர் தலை மேலயே இருந்துச்சு.”

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு மாதிரித்தான் இருந்தது. அவர் சிரித்து அவள் கேட்டதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அலுவலகக் குரலை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டவர் போலப் பேசினார்.

“என் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்னு மூணு மாசம் ஆச்சும்மா. பேட்டரி வாங்கி வெச்சுட்டேன். ஸ்டூல் போட்டு ஏறணும். ஒரு கால் ஆடுற ஸ்டூல். கீழ நின்னு பிடிச்சுக்க ஆள் வேணும். மத்த நாள்ல ஆபீஸ் கடிகாரம் இருக்கு. ஞாயித்துக்கிழமைதான் மணி என்னன்னே தெரியாம போயிடுது.”

ஒற்றக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஸ்டூலைச் சுவரோட ஒட்டிப் போடுங்க சார். ஆடுற கால் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வைங்க. நான் இருக்கேன்.”

ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கியது. “ஏறிட்டேன்” என்றது தூரத்திலிருந்து அவர் குரல்.

“ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்கங்க. அவசரப்படாதீங்க.”

“கடிகாரம் கையில வந்துடுச்சு.”

“மொதல்ல அதோட கீழ இறங்குங்க சார். பேட்டரியைக் கீழ நின்னு போட்டுக்கலாம்.”

இறங்கினார். பேட்டரியைப் போட்டார். டிக் டிக் என்ற சத்தத்தை அவள் கேட்க வேண்டும் என்று கடிகாரத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பிடித்தார். “மணி எத்தனைம்மா?”

“ஆறு நாப்பத்தெட்டு சார்.”

முள்ளைத் திருப்பும் சக்கரத்தைத் தேடிப் பிடித்து ஆறு நாற்பத்தெட்டில் வைக்க மூன்று நிமிடம் ஆயிற்று. மறுபடி ஏறி மாட்டினார். மாட்டிய பிறகு மணி கேட்டபோது கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய மறுபடியும் ஏறட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அப்புறமும் வைக்காமல் எட்டு மணி வரை பேசினார்.

திங்கட்கிழமை காலை அவள் மேசையில் ஓர் உறை இருந்தது. பிரிப்பதற்கு முன் தண்ணீர் குடித்துக்கொண்டாள். உள்ளே, துணை இயக்குநர் கையெழுத்திட்ட அலுவலகக் குறிப்பு:

‘பொருள்: இணைப்புச் சோதனை. மேற்படி இணைப்பு 38 நிமிடம் சோதிக்கப்பட்டு, கூடுதலாக 72 நிமிடம் சரிபார்க்கப்பட்டது. இணைப்பு உரிய இடத்துக்கே செல்கிறது. எவரும் அதில் கை வைக்கக் கூடாது. ஒரே சோதனையில் இறுதி முடிவுக்கு வர இயலாது என்பதால், இனி ஞாயிறுதோறும் மாலை ஆறு பத்துக்குச் சோதனை தொடரும்.’